உப்பைப் பற்றிப் பத்துப் பக்கம்

பேராசிரியை லேத்தினென் தந்த தாளில்
ஏழு படிகள் இருந்தன.
முதல் படி: தலைப்பைச் சுருக்கு.

‘தண்ணீர்’ என்று எழுதினேன்.
அடித்துவிட்டு ‘ஏரி’.
அதையும் அடித்து ‘ராம்சே ஏரியில் உப்பு’.
சட்பரியில் நவம்பர் பிறந்தால்
சாலைக்கெல்லாம் உப்புப் போடுகிறார்கள்.
பனி உருகும்போது அது எங்கே போகும்?
தூத்துக்குடிக்காரிக்கு
இந்தக் கேள்வி தானாக வரும்.

இரண்டாம் படி, மூலங்கள்.
நூலகத் தேடலில் ‘உப்பு’ என்றால்
நாற்பதாயிரம் கட்டுரைகள்.
ரத்த அழுத்தம், ஊறுகாய், ரோமாபுரி.
‘குளோரைடு’, ‘நன்னீர்’, ‘சாலை’ என்று
சேர்க்கச் சேர்க்க
வலைக்குள் பதினேழு மிஞ்சின.
அதில் ஆறு பிரெஞ்சு.
சுருக்கத்தைப் படி, முடிவைப் படி,
நடுவை அப்புறம் பார் என்றது தாள்.
நான் நடுவில்தான் மாட்டிக்கொண்டேன்.
நீர்த்தெள்ளு என்றொரு சிற்றுயிர்,
எள்ளில் பாதிகூட இராது,
உப்பேறினால் குஞ்சு குறையுமாம்.
அதோடு ஓர் இரவு போயிற்று.

மூன்றாம் படி: உன் வாதத்தை ஒரே வாக்கியத்தில் சொல்.
‘சாலை உப்பு ஏரிக்குக் கேடு.’
ஓரத்தில் பென்சிலால் லேத்தினென்:
‘இதை யார் மறுக்கப்போகிறார்கள்?’
உப்பைப் பற்றி எழுதியும்
உப்புச் சப்பில்லை என்பதை
இப்படியும் சொல்லலாம் போல.

நான்காவது, குறிப்பட்டைகள்.
முன்புறம் ஒரு கருத்து, பின்புறம் பக்க எண்.
எண்ணெழுத மறந்த ஒன்பது அட்டைகளுக்கு
ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தண்டம் கட்டினேன்.
ரப்பர் வளையம் போட்டு
வேலைக்கும் எடுத்துப்போவேன்.
காப்பிக்கடை, இரவு ஷிப்ட்.
நாலு மணிக்கு ஆள் வராது,
உப்பு லாரி ரெஜான் தவிர.
இரண்டு கிரீம், நாலு சர்க்கரை.

அன்று அட்டையைத் தலைகீழாகப் படித்தார்.
‘என்னைப் பற்றியா எழுதுகிறாய்?’
உங்கள் உப்பைப் பற்றி என்றேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
‘ஒரு மேட்டுத் திருப்பம் இருக்கிறது.
அங்கே மட்டும் இரண்டு மடங்கு போடுவேன்.
கணக்கில் காட்டமாட்டேன்.
முன்னே ஒருநாள் அங்கே
பள்ளிக்கூடப் பஸ் சறுக்கியது.
அன்றைக்கு அந்த வழி என்னுடையது.
சொன்ன அளவுதான் போட்டிருந்தேன்.’
காப்பியோடு போய்விட்டார்.
மூடி மேசையிலேயே கிடந்தது.

ஐந்தாம் படி, சட்டகம்.
பழையதைக் கிழிக்காமல்
தாளைத் திருப்பிப்போட்டு எழுதினேன்:
எங்கே குறைக்கலாம், எங்கே முடியாது,
அதைத் தீர்மானிப்பது யார்,
விடியாத நாலு மணிக்குத் தனியாக.
இப்போது மறுப்பதற்கு ஆள் உண்டு.
முதல் ஆள் நான்.

அடுத்த வாரம் கேட்டேன்,
உங்கள் பெயரைப் போடலாமா?
‘பெயரைப் போடு. ஓய்வுக்கு ஒரு வருஷம்தான்.
திருப்பத்தைப் போடாதே.
அளவுகோலோடு வந்துவிடுவார்கள்.’

ஆறாம் படியில் பத்துப் பக்கம்.
முன்னுரையைக் கடைசியில் எழுது என்ற ஒரு வரிக்காக
அந்தத் தாளை மன்னிக்கலாம்.
ஏழாம் படியில் உரக்கப் படித்தேன்.
அறைத்தோழி காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள்.
மூன்று ‘ஆகவே’ விழுந்தன,
ஒரு ‘நிச்சயமாக’வும்.

மேற்கோள் விதிப்படி
எல்லாரும் பெயர் கவிழ்ந்து நிற்க வேண்டும்.
என்னையும் கவிழ்த்துப் பார்த்தேன்:
உச்சிமாகாளி, பே.
அப்பா முன்னால் வந்துவிட்டார்.
பேச்சித்தாய் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்.

பட்டியலில் பதினான்கு பேர். ரெஜான் இல்லை.
நேர்ப்பேச்சை உரைக்குள் சொல்லலாம்,
பட்டியலில் சேர்க்கக்கூடாது.
படிப்பவர் தேடிப்போய்ச்
சரிபார்க்க முடியாதாம்.

மார்ச்சில் கட்டுரை திரும்பி வந்தது.
நீர்த்தெள்ளுப் பத்திக்கு ஒரு ‘நன்று’.
ஒன்பதாம் பக்கத்தில் ரெஜான் பெயருக்குக் கீழே
அதே பென்சில்:
‘எந்தத் திருப்பம்?
இடம் குறிப்பிடுக.’