ஓல்ட்டன், நான்காம் மேடை

சரக்கு வண்டிகள் இங்கே நிற்பதில்லை.
கெஷி ஹப்தெசியோன்தான்
அவற்றுக்காக எழுந்து நிற்பார்.
நீலம், துரு, மறுபடி நீலம்.
இரும்புப் பெட்டிகள் கடக்கக் கடக்க
பெருவிரல் கணுக்கணுவாய் நகரும்.
உதடு அசையும்.
முதல் மாதம்
ஏதோ கணக்குப் பித்து என்றே நினைத்தேன்.

முதியோர் இல்லத்துச் சலவையறையில்
இருவருக்கும் ஒரே வேலைநேரம்.
பொதுமொழி உடைந்த ஜேர்மன்.
என்னுடையதில் ஆண்பால் பெண்பால் குழம்பும்.
அவருடையதில் இறந்தகாலம் கிடையாது.
ஆகவே
அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்:

கப்பலில் ஏற்றும் பெட்டி.
பத்தொன்பது பேர். ஒரு வாளி.
பகலில் யாரும் சுவரில் சாய்வதில்லை, தோல் ஒட்டிக்கொள்கிறது.
விடியற்காலை எல்லோருடைய மூச்சும்
கூரையில் துளிர்த்து நிற்கிறது.
அண்ணாந்து நாக்கை நீட்டுகிறார்கள்.
அப்பமில்லை, ரசமில்லை,
அந்தத் துளிக்கு முன் அவர் பூசை சொல்கிறார்.

இனிப் பூசை வைக்கமாட்டேன் என்று
எழுதிக் கொடு, போகலாம், என்கிறான் அதிகாரி.
'பேனா நல்லது. தாள் நல்லதில்லை.'
இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பார்.
முன்பற்கள் இரண்டு இல்லை.

பேர்னில் விசாரணை.
குருவானவர் என்பதற்கு அத்தாட்சி? முத்திரை?
கெஷி எழுந்து பாடத் தொடங்கியிருக்கிறார்.
மொழிபெயர்க்க வந்த பெண்
கொஞ்ச நேரத்தில் பேனாவை வைத்துவிட்டாளாம்:
இது கீயஸ், ஐயா, கோயில் மொழி,
எனக்கும் விளங்காது.
பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது:
விண்ணப்பதாரர் ஏழு நிமிடம் பாடினார்.

நோன்பு நாளில்
இல்லத்துச் சமையலறை தரும் பாலாடைச் சூப்பை
என் பக்கம் தள்ளிவிடுவார்.
ஆண்டில் பாதி நாள் நோன்பு.
எனக்கு வயிறு வைத்தது அவரால்தான்.

சனி இரவு
சீர்திருத்தச் சபையார் வாடகைக்கு விடும் மண்டபம்.
வாசலில் செருப்புக் குவியல்,
எங்கள் முருகன் கோயில் போலவே.
பத்து மணிக்குள் முடிக்க வேண்டும்,
மத்தளச் சத்தத்துக்கு மேல்மாடியில் முறைப்பாடு.
வெள்ளை உடுத்த சலவைக்காரர்
அங்கே வேறு ஆள்.
எனக்குத் தெரிந்தவர்
வெட்கத்தோடு எங்கோ உள்ளே நின்றார்.

நேற்று கேட்டேவிட்டேன்.
என்ன எண்ணுகிறீர்கள்?

'எண்ணவில்லை. ஏற்றுகிறேன்.
பெட்டிக்கு ஒரு பெயர்.
காற்றோட்டமாய்ப் போகட்டும், பாசல் வரைக்கும்.'

வெளியே வந்தவர் அவர் ஒருவரே.
பதினெட்டுப் பெயர்கள்.
நேற்றைய வண்டி பதினான்கோடு முடிந்துவிட்டது.

ஆறரைக்குச் சலவை. மணி ஆறு இருபது.
நான் பையைத் தோளில் போட்டுவிட்டேன்.
அவர் அசையவில்லை.
நான்கு பேர் மிச்சம், என்றார்.

ஐந்து, என்றேன்.

பெயரைச் சொல், என்றார்.