மரத்தூள்

முதலில் ஊற்றும் வாயைத் திற.
வடியும் வாயை அப்புறம் தொடு.
மேலது துருவில் இறுகிக் கிடக்க
கீழதைத் திறந்துவிட்டால்
வெறும் கியர்பெட்டியோடு வண்டி நிற்கும்,
பிப்ரவரி முழுக்கப் பேருந்துதான்.
போன வண்டியில் பட்டுத் தெரிந்தது.

குத்தாயிசியில் எங்கள் கட்டடத்தின் பின்னால்
ஏழு வீட்டுக்கும் பொதுவாய் ஒரு பள்ளம்.
அதன்மேல் என் லாடா,
எண்பத்து நான்காம் வருடத்தது,
ரியோனிப் பாலம்வரை இரண்டு முறை
போய்வந்த சூட்டோடு.
ஆறினால் எண்ணெய் இறங்க வம்பு பண்ணும்.

பதினேழாம் ஸ்பானர்.
அதன் வாலில் செருகிய தண்ணீர்க் குழாய்.
ஓர் உதை. இன்னொன்று.
மேல்வாய் கிரீச்சென்று ஒத்துக்கொண்டது.

கீழே, பிளம் ஜாம் அடிப்பிடித்த அலுமினியச் சட்டி.
கந்தக நெடியோடு
கறுப்புக் கயிறாய் இறங்கியது.
பாதியில் கயிறு தடுமாறியது,
விக்கியது,
கட்டியாய் எதையோ துப்பியது.
விரலை விட்டுப் பார்த்தேன்.
இரும்புப்பொடி இருக்கும், தெரியும்.
பித்தளை மினுக்கத்துக்கும் மனதைத் திடப்படுத்தியிருந்தேன்.

மரத்தூள்.
ஊறி, உப்பி, கஞ்சிபோல்
ஒரு கைப்பிடிக்கு மேல்.

நுக்சார்.
என் நாத்தனார் புருஷன்.
மூன்று வருடம் முன்
இதை என் தலையில் கட்டும்போது
ஊர் எல்லைவரை ஓட்டிக் காட்டினான்:
"கேட்டுப் பார் மாக்வாலா,
சத்தம் இருக்கிறதா? தேவாலயம்!"
கேட்டேன். இல்லை.
அவன் ஜன்னல் சட்டம் அறுத்துப் பிழைக்கிறவன் என்பது
இப்போது, இந்தப் பள்ளத்துக்குள்,
முகத்தில் சொட்டு விழும்போதுதான்
உறைக்கிறது.

மலிவு எண்ணெய் ஒரு லிட்டர் விட்டு அலசினேன்.
அலசினேன் மறுபடியும்.
பிறகு நல்லது, ஒன்றே கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேல்,
குழாயும் பிச்சுக்காரியும் வைத்து,
மேல்வாய் விளிம்பில் வழிகிறவரை.
வழிந்தால் போதும் என்று அர்த்தம்.
இந்த வண்டியில் நான் நம்பும் ஒரே அளவு அதுதான்.

தெருவுக்கு எடுத்தேன்.
முதல் கியர் முனகியது.
இரண்டாவது பல்லைக் கடித்தது.
மூன்றாவதில் எழுந்தது பார்,
மூன்று வருடம் வாயில் துணி அடைத்திருந்த ஓலம்.
ரொட்டிக்கடை வாசலில் நின்றவர்கள்
திரும்பிப் பார்த்தார்கள்.
ஒரு நாய் கூடவே ஓடிவந்தது.

நான் எண்ணெய் மாற்றியதே விற்கத்தான்.
செஸ்தபோனியிலிருந்து ஒரு பையன்
சனிக்கிழமை பார்க்க வருகிறான்.
போனில் கேட்டான்: "கியர்பெட்டி சத்தம் போடுமா?"
இல்லை என்றேன்.
அப்போது அது பொய் இல்லை.

சட்டியில் இருந்ததை
ஊறுகாய் ஜாடியில் வடித்து மூடி
பள்ளத்துப் படியில் வைத்திருக்கிறேன்.
கொட்டவில்லை இன்னும்.
நுக்சார் முன்னால் வைக்கவா,
வேறெதற்காவதா,
அதைக் கேட்காதீர்கள்.

போனை எடுத்தேன்.
பையன் எண்ணை அழுத்துகிறேன், அழுத்துகிறேன்,
எண்ணெய் விரலைத் திரை
அடையாளம் கண்டுகொள்ள மறுக்கிறது.