ஒலி உரிமை தனி

அவர்களுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி.
எனக்குச் சனிக்கிழமை, விடிகாலை நாலரை.
கிருஷ்ணகிரி மேம்பாலத்தை ஒட்டிய
டயர்க் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில்
பதினோரு திரைகள்.
ஏழாவது என்னுடையது.

கனடாக்காரர்களின் கால்பந்து.
பந்து உருண்டை இல்லை,
பாதி நேரம் காலிலும் இல்லை.
பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர்,
பத்து கஜம் நகர மூன்றே வாய்ப்பு.
நான் குறிக்க வேண்டியது
நேரம், சட்டை எண், எத்தனை கஜம்,
யார் யாரைச் சாய்த்தது.
நடுவில் வரும் லாரி விளம்பரம் எத்தனை நொடி
என்பதற்குத் தனிக் கட்டம்.
அதைத் தவறவிட்டால்தான் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

சத்தம் வராது.
படத்தை ஒருவர் வாங்கியிருக்கிறார்,
வர்ணனையை வேறொருவர்.
நமக்குப் படம் மட்டும்தான் என்றார் மேனேஜர் பசவராஜ்,
பயிற்சியின் முதல் நாளே.
முப்பதாயிரம் பேர் ஒன்றாக எழுந்து வாய் திறக்கிறார்கள்.
எனக்குக் கேட்பது
ஓசூர் பக்கம் திரும்பும் டிரெய்லரின் ஏர்ஹாரன்.
பல நாள் அது அச்சாகப் பொருந்திவிடும்.

இந்த வருஷத்தோடு ஒப்பந்தம் முடிகிறதாம்.
அடுத்த ஐந்து வருஷம் யாருக்கு என்று
அங்கே எந்த ஊரிலோ ஓர் அறையில் பேசுகிறார்கள்.
டிவியை விட்டுப் போனுக்குப் போகும் என்கிறான் ஒருவன்.
அமெரிக்காக்காரன் எடுப்பான் என்கிறான் இன்னொருவன்.
யார் எடுத்தாலும் குறிப்பெழுதப் போவது மெஷின்தான் என்று
எட்டாம் திரை சுகந்தி எழுந்து போய்விட்டாள்,
போச்சம்பள்ளி ஸ்கூட்டர் கம்பெனிக்கு.
நின்றுகொண்டே வேலை. ஆனால் பகல்.

உரிமை என்றால் என்னவென்று
எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.
சந்தூரில் எங்கள் மாந்தோப்பைத் தை மாதமே பேசி முடிப்பார்கள்,
பூவைப் பார்த்து,
சில வருஷம் பூவையும் பார்க்காமல்.
அப்புறம் உதிர்ந்த காயை எடுக்கவும்
குத்தகைக்காரரைக் கேட்க வேண்டும்.
கிளை முறிந்தால் மட்டும் மரம் எங்களுடையது.
அங்கேயும் அப்படித்தான் இருக்கும்.
இன்னும் பெய்யாத பனிக்கும்
இப்போது பள்ளிக்கூடம் போகும் எவனோ ஒருவனின்
முறியப்போகும் முழங்காலுக்கும் சேர்த்து விலை.

கேபிள் வசூலுக்கு வந்த திம்மராயன் கேட்டார்,
"அது எந்த சேனல்ல வருதும்மா?"
நம்ம ஊர்ல வராதுண்ணா.
"வராததுக்கா ராத்திரி முழிச்சு எழுதறீங்க?"
ஆயிரத்து நானூறு வீடு வைத்திருந்தவர்.
இப்போது இருநூற்றுப் பத்து.
போனை யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள்,
கம்பத்தில் தொங்கும் கம்பி மட்டும் இவருக்கு.
ஒரு விநோதம் சொன்னேன் அவருக்கு:
கம்பத்துக்கு நடுவே உதைத்த பந்து தவறிப் போனாலும்
எதிராளி அதை வெளியே கொண்டுவர முடியாவிட்டால்
உதைத்தவனுக்கு ஒரு புள்ளி உண்டு.
"தப்பினதுக்கா?"
தப்பினதுக்குத்தான்.
ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
வண்டியை உதைத்தார். மூன்றாம் உதையில் கிளம்பியது.

கிழக்கு வரிசையில் பச்சைக் குல்லா போட்ட ஒருத்தி.
இரண்டு வருஷமாகப் பார்க்கிறேன்.
மைதானத்திலேயே உட்கார்ந்திருந்தும்
காதோரம் சின்ன ரேடியோ.
கண்ணெதிரே நடப்பதை
இன்னொருவர் சொல்லிக் கேட்கிறாள்.
அவளுக்கென்று கட்டம் கிடையாது.
'இதர'வில் ஒருமுறை எழுதினேன்:
பனி பெய்கிறது, பச்சைக் குல்லா வந்திருக்கிறாள்.
சிவப்பில் திரும்பி வந்தது: தேவையில்லை.

கார்த்திகையில் கடைசி ஆட்டம்.
கடைசி உதை.
எல்லோரும் எழுந்தார்கள், அவளும்.
ரேடியோ மடியிலிருந்து நழுவியது.
அந்த நேரம் பார்த்து
மேம்பாலத்தில் ஒரு வண்டி இல்லை.
அவள் வாய் திறந்தது.
நான் நேரத்தை அடித்தேன், சட்டை எண்ணை அடித்தேன்,
லாரி விளம்பரம் வந்தது,
முப்பது நொடி.