கடைசிக் கப்பல்

மொத்தமா என்பது ஊரின் பெயர்.
புதிதாய் வரும் தமிழர்கள் சிரிப்பார்கள்,
கணக்கை முடித்த கையோடு யாரோ
ஊருக்குப் பெயர் வைத்ததுபோல் என்று.
தண்டவாளம் அங்கே தீர்ந்துவிடும்.
எதிரே சால்வீன். அப்பால் மௌல்மேன்,
மலைமேல் பயாவின் பொன்முடி,
அடிவாரத்தில் தகரக்கூரை போட்ட எங்கள் சபை.

முப்பத்தோரு வருஷம் எனக்கு ஒரே உவமை போதுமாயிருந்தது.
"ரயிலில் வந்தீர்களே, மூட்டையோடு, கோழியோடு,
இறங்கியதும் நீந்தினீர்களா?
பணக்காரன் பறந்தானா?
ஒரு கப்பல்தானே இருந்தது?
அதன் சீட்டுக்கும் ஒருவர் முன்னமே விலை கொடுத்துவிட்டார்."
ஆமென் என்பார்கள்.
துறையில் சீட்டுக் கிழிக்கும் வைரவன்கூட
நெற்றித் திருநீறு கலையாமல்
பின்வரிசையில் உட்கார்ந்து கேட்பான்.
அவன் வேலையைப் பற்றி
வேறு யாரும் அவ்வளவு உயர்வாய்ப் பேசியதில்லையாம்.

பிறகு பாலம் வந்தது.
திறப்புவிழாவில் ரிப்பன், மந்திரி, வெயில்.
வைரவன் என் தோளைத் தொட்டான்.
"போதகரே, எனக்கு வேலை போச்சு. உங்களுக்கு?"

சிரித்தேன்.
உவமை போனால் போகட்டும்,
நான் நம்பியது கப்பலை அல்ல.
ஆனால் பாலத்துக்கு வெகுமுன்பே
அந்தக் கப்பலில் ஓட்டை இருந்தது.
எனக்கு மட்டும் தெரியும்.

அப்போது மொத்தமா பக்கம் குடியிருந்தோம்.
சலோமிக்கு நாலு வயது. மலேரியா தலைக்கேறி
கண் மேலே செருகிவிட்டது.
ஆஸ்பத்திரி அக்கரையில்.
கடைசிக் கப்பல் ஆறு மணிக்கு.
பூட்டிய கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு
நான் செய்த ஜெபத்தில் வார்த்தையே இல்லை.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு மோன்காரர்,
வெற்றிலை வாய், கழுத்து நூலில் சின்னப் புத்தர்,
பிள்ளையைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார்.
"ஏறுங்க, சயா."
கூலி பேசவில்லை.

படகெல்லாம் இறால் நாற்றம்.
விளக்கு நடு ஆற்றில் அணைந்தது.
நான் தகரக் குவளையால் தண்ணீர் இறைத்தேன்,
ஞானப்பூ பிள்ளையை நெஞ்சோடு கட்டியிருந்தாள்.
அவர் துடுப்புக்கு ஒன்றாய் ஏதோ பாலியில் ஓதினார்.
நான் என்னுடையதைச் சொன்னேன்.
இரண்டும் ஒன்றென்று சொல்லமாட்டேன்.
அப்படிச் சொல்கிறவர்கள்
நடு ஆற்றில் இருந்ததில்லை.

சலோமி இன்று ரங்கூனில்
தையல் வகுப்பு நடத்துகிறாள்.
அடுத்த ஞாயிறும் நான் கப்பலைத்தான் பிரசங்கித்தேன்.
அதற்கடுத்த ஞாயிறும்.

பாலம் திறந்த வருஷம், மழை விட்ட ஒரு நாள்,
அவர் இறந்துபோனார்.
பெயர் ஊ த்வே என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.
மடத்தில் துறவிகள் ஓத,
அவர் மகள் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்குச்
சொட்டுச் சொட்டாய் நீர் வார்த்தாள்.
செருப்பைக் கழற்றிவிட்டு வேலியோரம் நின்றேன்.
அவருக்கு ஞானஸ்நானம் இல்லை.
என் இரட்சகரின் நாமத்தை அவர் கேட்டதுமில்லை.
ஒன்றரை மணி நேரம் எதிரெதிரே இருந்தும்
சொல்லாத வாய் என்னுடையது.
அவருக்கு எந்தக் கரை?
வேதாகமப் பள்ளியில் இதற்கு விடை எழுதி
முதல் மதிப்பெண் வாங்கியவன் நான்.
வேலிக் கம்பில் தும்பி ஒன்று உட்கார்ந்தது, போயிற்று.
கூட்டிப் போட என் கை வரவில்லை.

இந்த ஞாயிறு அதே வசனம்.
வழி ஒன்றுதான். இப்போதும் நம்புகிறேன்,
வாயால் அல்ல, எலும்பால்.
உவமை வரவேண்டிய இடம் வந்தது.
தண்ணீர் குடித்தேன்.
வெளியே ஒரு லாரி பாலத்தை நோக்கித் திரும்பியது.
ஞானப்பூ தலை நிமிரவில்லை.
பின்வரிசையில் வைரவன் கழுத்தை நீட்டினான்.

"கடைசிக் கப்பல் ஆறு மணிக்கு," என்று தொடங்கினேன்.
"நான் போனபோது ஒன்பது."