கோப்பையைப் பிடிக்கும் விதம்

வாஷருக்குத் தலை, கேக் சுடும் அலுமினியத் தட்டு.
கண்கள், ஒரு உடைந்த சைக்கிளின் விளக்குகள்.
கழுத்து, துணி உலர்த்தும் இயந்திரத்தின் குழாய்.
கை மட்டும் என் வீட்டுச் சமையலறையிலிருந்து போனது:
வெண்ணெயில் பெரோகி புரட்டிய இடுக்கி.
முதல் வாரம் ஸ்டூடியோ முழுக்க வெங்காய வாசனை.

வினிபெக்கில், சனிக்கிழமை காலை ஒன்பது மணி நேரலைக்கு
மேசைக்கடியில் மல்லாந்து படுப்பேன்.
முதுகுக்கு, மெத்தைக் கடை விளம்பரத்துக்கு வந்து
திரும்பிப் போகாத ஒரு பஞ்சுத் துண்டு.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மேலே, விளக்குச் சூட்டில், என் வலக்கை
ரோபோவாக இருக்கும்.
முழங்கைக்கு மேலே அவன்.
கீழே ஒடார்க்கா ஹ்ரின்சுக்,
இரண்டு பிள்ளைகள், கார் கடன்,
இடக்கை கண்விளக்கின் சுவிட்சில் இருப்பதால்
மூக்கைச் சொறிய வழியில்லாதவள்.

வாஷருக்கு எதுவும் தெரியாது. அதுதான் அவன் உத்தியோகம்.
ஏழுக்கு அடுத்தது ஒன்பது என்பான்.
பனியை உப்பென்று அள்ளி சூப்பில் போடுவான்.
மாகாணம் முழுக்க பைஜாமா போட்ட நீதிபதிகள்
பெட்டியைப் பார்த்துக் கத்துவார்கள்.
கடிதமும் வரும்: எட்டை விட்டுட்டே, மண்டு.

பிப்ரவரியில் ஒன்று.
வடக்கே, தி பா, மரம் அறுக்கும் ஊர். பென்சில் எழுத்து.
"அன்புள்ள வாஷர்,
உன் கையை எந்தக் கடையில் வாங்கினாய்?
என் அப்பாவுக்கும் அதே மாதிரி கொடுத்திருக்கிறார்கள்.
அவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.
உனக்கு எப்படிப் பழகியது?
இப்படிக்கு, டார்சி பாலன்டைன். வயது ஏழே முக்கால்.
அடுத்தது ஒன்பது இல்லை."

தயாரிப்பாளர் ஃபால்க் படித்தார்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.
"கையெழுத்துப் போட்ட படம் ஒன்று அனுப்பிவிடு."

அனுப்பவில்லை.
நிகழ்ச்சி முடிந்ததும் கையை உருவிக்கொண்டு
பஸ் பிடிக்கப் போகிறவள் நான்.
எந்தப் படத்தில் அதை எழுதுவது?

அடுத்த சனிக்கிழமை, வசனத் தாளை விட்டுவிட்டு
வாஷர் ஒரு கோப்பை கோக்கோ கேட்டான்.
எடுத்தான், விழுந்தது.
நிரப்பிக் கொடுத்தார்கள். எடுத்தான், விழுந்தது.
மூன்றாவது, மேசை விளிம்பு தாண்டி என் முகத்தில்.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்,
அவன் கண் எரிந்தபடி இருந்தது.
நான்காவது நின்றது.
கிடுகிடுவென்று ஆடிக்கொண்டு, ஆனால் நின்றது.
"பழகலை, டார்சி" என்றான் தகரக் குரலில்.
"எனக்கு இன்னும் பழகலை."

நாற்பது நொடி கூடிப்போய்
மெத்தை விளம்பரம் பாதியில் வெட்டுப்பட்டது.
ஃபால்க் என்ன சொன்னாரோ,
கீழே கிடந்த எனக்கு அவர் ஷூக்கள்தான் தெரிந்தன,
முன்னும் பின்னும், முன்னும் பின்னும்.

மூன்று வாரம் கழித்துப் பழுப்பு உறை.
"அப்பா சிரித்தார்.
இந்த டப்பாவுக்குக் கோப்பை பிடிக்கவே தெரியலை என்றார்.
சாவியைத் தேடினார். ரொம்ப நேரம் தேடினார்."
கூடவே ஒரு படம்.
பழகாத இடக்கை வரைந்தது,
கோடெல்லாம் இலையுதிர்ந்த கிளை மாதிரி.
ஒரு கோப்பை, ஒரு கொக்கி, ஒரு அம்புக்குறி:
மேலிருந்து வராதே, பக்கவாட்டில் வா.
ஒரு விரல் காதுக்குள், ஒன்று வெளியே.
அழுத்தாதே. சாய்.

அன்றிரவு, பாத்திரம் கழுவும் தொட்டி மேல்
இடுக்கியைப் பிடித்துப் பார்த்தேன்.
என் மகன் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து
எண்ணிக்கொண்டிருந்தான்.
பதினொன்றாவது தடவை
கோப்பை தானாகவே வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது.

சனிக்கிழமை வாஷர் கோக்கோ குடித்தான்.
ஒரு சொட்டு சிந்தவில்லை.
"விழுந்தால்தானே சிரிப்பு" என்று குனிந்தார் ஃபால்க்,
முதல்முறையாக மேசைக்கடியில் அவர் முகம்.
"ஏழுக்கு அடுத்தது ஒன்பது" என்றேன்,
"அதை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் சொல்கிறேன்.
கோப்பை விழாது."