குச்சிக் கணக்கு

மூன்று இரவுக்கென்றுதான் அறை எடுத்தேன்
தொனோஸ்தியாவில், ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
சாவி செய்கிறவன் கடைக்கு மேலே.
வாடகையைச் சொன்ன பிறகு
வீட்டுக்காரி கார்பிஞே குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:
"தூறலுக்குக் குடை பிடிக்காதே.
ஊருக்குப் புதுசென்று தெரிந்துவிடும்."

அந்தத் தூறலுக்குச் சிரிமிரி என்று பெயர்.
பெய்கிறது என்றும் சொல்ல முடியாது
பெய்யவில்லை என்றும் சொல்ல முடியாது
சட்டை மட்டும் எப்படியோ கனத்துவிடுகிறது.
குடையைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

காலையில் மூலைக் கஃபே.
பக்கத்து மேசையில் பிக்சென்டே,
துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்ந்தவர்.
பத்திரிகையில் முதலில் மரண அறிவிப்புகள்.
தெரிந்த பெயர் எதுவும் இல்லையென்றால்
இன்னொரு காப்பி சொல்வார், கொண்டாட்டமாக.
எனக்கு அந்த ஊரில் தெரிந்தவரே இல்லை
ஆகவே தினமும் இரண்டு காப்பி.

பகலெல்லாம் சுரியோலாக் கரையில் சும்மா இருந்தேன்.
கறுப்பு உடையில் பலகைமேல் பிள்ளைகள்
வருகிற அலையையெல்லாம் போகவிட்டு
வராத ஒன்றுக்காக மிதந்தார்கள்.
பார்த்துப் பார்த்து எனக்குப் பசித்தது.

பாலம் தாண்டினால் பழைய ஊர்.
பெஞாட்டின் கடையில் இலை இல்லை, பட்டியல் இல்லை.
ஆலிவும் நெத்திலியும் ஊறிய மிளகாயும்
ஒரே குச்சியில் கோத்துக் கிடக்கும்.
எடுத்துக்கொள்ள வேண்டியது, தின்ன வேண்டியது,
குச்சியைத் தட்டில் வைக்க வேண்டியது.
சகோலி ஒயினை அவன்
டீ ஆற்றுகிறவன் உயரத்திலிருந்து விடுகிறான்,
ஒரே முறை, திருப்பி ஆற்றுவதில்லை.
கடைசியில் குச்சிகளை எண்ணி, "ஆறு" என்றான்.
ஆறுக்குக் கொடுத்தேன்.

மறுநாள் கோட்டுப் பைக்குள் கைவிட்டபோது
விரலைக் குத்தியது ஏழாவது.

வேண்டுமென்று செய்யவில்லை.
நெரிசல்.
அப்படித்தான் நினைக்கிறேன்.

திருப்பித் தரப் போனால் கடை மூடியிருந்தது, திங்கட்கிழமை.
மறுநாளும் போனேன், இன்னோர் இரவு வாடகை.
பெஞாட் அதை விளக்கில் பிடித்துப் பார்த்தான்.
"எங்களுடையது இல்லை. எங்கள் குச்சி இரண்டு பக்கமும் கூர்.
இது ஒரு பக்கம் மொட்டை. எதிர்க்கடையில் கேள்."
எதிர்க்கடை இசாரோ முகர்ந்தே பார்த்தாள்.
"எங்களுடையது மூங்கில், இது வேறு மரம்.
அது கிடக்கட்டும், காளான் சூடாக வந்திருக்கிறது."
காளான்மேல் மஞ்சள் கரு உடைந்து ஓடியது.
அப்புறம் அவள் சொன்ன கடை.
அந்தக் கடைக்காரன் சொன்ன இன்னொரு கடை, அங்கே
மேலே கருகி உள்ளே தளும்பும் பாலாடை கேக்.
அதற்குக் குச்சியே கிடையாது.
குற்றமில்லாமல் நான் தின்ற ஒரே பண்டம்.

எத்தனை நாள் என்று கேட்பதை
கார்பிஞே நிறுத்திவிட்டாள்.
காலண்டரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டாள்.

ஒரு காலை பிக்சென்டே பத்திரிகையை
நான்காக மடித்தார், பிறகு எட்டாக.
இரண்டாவது காப்பி சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருவர்
எனக்கும் ஆகிவிட்டிருந்தார்.
கடற்கரைக் கம்பியோரம் நின்றோம்.
அவர்களுடைய மொழியில் ஏதோ சொன்னார் நீளமாக,
அக்கம்பக்கத்து மொழி எதனோடும் உறவில்லாத மொழி.
ஆமாம் என்பதற்கு 'பாய்'.
அது மட்டும் எனக்குத் தெரியும்.
பாய், என்றேன். தலையசைத்தார்.

பதினோராம் நாள் மாலை, கிளம்புமுன்
பெஞாட்டின் தட்டில் என் ஐந்து குச்சிகளோடு
அந்த அனாதையையும் வைத்தேன்.
"ஐந்து" என்றான்,
ஆறாவதைக் கட்டைவிரலால் தரைக்குச் சுண்டிவிட்டு.
தரையில் கைதுடைத்த தாள்கள், ஆலிவ் கொட்டைகள்,
ஊரார் போட்ட குச்சிகள்.
குனிந்து பார்த்தேன், எது என்று தெரியவில்லை.

வெளியே சிரிமிரி.
நனைந்தபடியே நடந்தேன் நிலையத்துக்கு.
ரயில் நகர்ந்த பிறகுதான் நினைவு வந்தது,
கட்டிலுக்கடியில்
குடை.