நீடாமங்கலம் கேட்

இருபத்தொரு வருஷம்
கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்தவன் நான்.
வலங்கைமான் வளைவு வருவதைக்
கண்ணுக்கு முந்திக் குதிகால் சொல்லும்.
பாலம் ஏறினால் வயிறு.
ஜெகபர் பிரேக்கில் கால் வைக்க நினைத்தாலே
இடுப்பு பின்னால் சாய்ந்து காத்திருக்கும்.
சில்லறை எண்ணும் கைக்கு
இதெதுவும் தெரியாது.

அப்புறம் அந்த இருமல்.
தொண்ணூறு ஊசி.
நுரையீரலில் புண் ஆறியது.
நடந்தால்
கடைப் பலகையில் எழுத்துகள் குலுங்கின.

தஞ்சாவூர் டாக்டரம்மா
மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்தார்:
காதுக்குள்ளே மூன்று வாய்க்கால்,
சுண்டுவிரல் நகத்தளவு.
தலை திரும்பினால் தண்ணீர் பின்தங்கும்,
உள்ளே நாணல் மாதிரி மயிர் சாயும்,
திரும்பினாய் என்று அதுதான் சொல்லும்.
"தண்ணி இருக்கு. நாணல்தான் பட்டுப்போச்சு."
எங்கள் கடைமடையில்
தண்ணீர் வராமல்தான் எதுவும் பட்டுப்போகும்.
இது புது மாதிரி.

கண்ணை நம்பி வேலைக்குத் திரும்பினேன்.
வயல் பின்னால் ஓடினால்
நான் முன்னால் போகிறேன்.
தென்னை நின்றால் நானும் நின்றுவிட்டேன்.
ஒரே சாட்சி,
குறுக்கு விசாரணை கிடையாது.

நீடாமங்கலம் கேட் மூடியிருந்த ஒரு மத்தியானம்
நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வந்தது.
பெட்டிகள் முன்கண்ணாடியை முழுக்க அடைத்தபோது
பஸ் பக்கவாட்டில் நழுவியது,
சத்தமில்லாமல், குலுக்கமில்லாமல்,
பரிசல் மாதிரி.
விசில் ஊதிவிட்டேன்.
ஒற்றை விசில்.
ஜெகபர் திரும்பினார்.
இன்ஜின் அணைத்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.
"எதய்யா நிறுத்த?"

பஸ்ஸே சிரித்தது.
முன் சீட்டில் கோழிக்கூடையோடு இருந்தவள் மட்டும்
சிரிக்கவில்லை.
அவள் கையும் கம்பியில் இருந்தது.
மெல்ல எடுத்துக்கொண்டாள்,
பிடிக்கவே இல்லை என்பதுபோல்.

கடைசி ட்ரிப்பில் உள்விளக்கை அணைப்போம்.
கண்ணாடியில் வெளிச்சம் விழுந்தால்
ஜெகபருக்கு ரோடு தெரியாது.
அணைந்தால்
எனக்கு நான் தெரியாது.
முதல் வாரமே
ஒரு வளைகாப்புக்குப் போய்த் திரும்பிய
பலகாரத் தூக்கின் மேல் விழுந்தேன்.
முறுக்குத் தூளைப் பொறுக்கியபடி
மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது சீட்டு முதுகில் ஒற்றை விரல்.
பிடிப்பதில்லை, சாய்வதில்லை.
ஓர் ஈ உட்காரும் எடை, அவ்வளவுதான்.
நகத்துக்கும் ரெக்சினுக்கும் நடுவே ஏதோ பேச்சு.
வளைவு என்கிறது விரல்,
வளைவு வந்த பிறகு.
முன்பெல்லாம் குதிகால் வரும்முன் சொன்னது.
பரவாயில்லை,
விழாமல் சில்லறை கொடுக்க இது போதும்.

ஆடியில் தண்ணீர் வந்தது.
வண்டி பஞ்சரான நேரம்
வெண்ணாற்றுப் பாலத்தில் இறங்கி நின்றேன்.
குப்பையும் நுரையுமாகக் கிழக்கே ஓடிய பெருக்கை
உற்றுப் பார்த்தேன்.
கொஞ்ச நேரத்தில் பாலம் கிளம்பியது,
கைப்பிடிச் சுவரோடு, சைக்கிள்காரர்களோடு,
கழற்றிய டயரோடு,
மேற்கே, கல்லணைப் பக்கமாக.
பக்கத்தில் நின்றவர்களுக்கும் கிளம்பியிருக்கும்.
கேட்கவில்லை.

விசில் வாயில்தான் இருந்தது.
போகிற வரைக்கும் போகட்டும் என்று
ஊதாமல் நின்றேன்.